மேல்வீட்டு மோட்டார்

ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வந்தாலும் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் "மீ லாபீ!" என்று கத்திவிடுவார். விளக்கு வந்தாச்சு என்று அர்த்தம். சின்ன வயதில் நானும் பால்கனியில் நின்று கத்தியிருக்கிறேன். இந்த இரண்டு வருஷமாக அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு வயிறு கலங்குகிறது. ஏனென்றால் அடுத்த ஐந்து நொடியில் தலைக்கு மேலே ஒரு மோட்டார் 'டுர்ர்' என்று கிளம்பும், அது கிளம்பினால் அரை மணி நேரத்தில் என் சமையலறை சீலிங்கிலிருந்து தண்ணீர் சொட்டும்.

யாங்கோன் (அந்தக் கால ரங்கூன்) மாடி வீட்டில் குடியிருக்காதவர்களுக்கு இது புரியாது, கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு தாம்வேயில், பன்னிரண்டரைக்கு ஐம்பது அடி, ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்பக்கம் ஹால், கடைசியில் சமையலறையும் பாத்ரூமும். லிப்ட் கிடையாது. லோகா ஏரித் தண்ணீரை வெள்ளைக்காரன் 1904லேயே ஊருக்குக் கொண்டுவந்துவிட்டான், ஆனால் எங்கள் குழாயில் வரும் வேகத்துக்கு அது முதல் மாடிக்கே ஏறாது. அதனால் கீழே பொதுவாக ஒரு தொட்டி, அங்கே வீட்டுக்கு ஒரு மோட்டார், மேலே அவரவர் பாத்ரூமில் நூறோ இருநூறோ காலன் பிடிக்கிற சொந்தத் தொட்டி. கீழ் மோட்டாரின் வேகம் போதாமல் சிலர் தங்கள் வீட்டுக்குள்ளேயே இன்னொன்று வைத்து ஏற்றுகிறார்கள், மேல்வீட்டில் அப்படித்தான். மோட்டார் ஓடக் கரண்ட் வேண்டும், கரண்ட் முறை வைத்து வருகிறது, அந்த முறையும் சொன்னபடி வந்தால் அதிசயம். ஆக, கரண்ட் வருகிற நேரம்தான் தண்ணீர் ஏற்றுகிற நேரம், சோறு பொங்குகிற நேரம், துணி தேய்க்கிற நேரம், எல்லாம்.

மேல்வீட்டில் இருப்பவர் ஒரு மாமா. சொந்தமில்லை, அப்பா இருந்த காலத்திலிருந்தே மாமாதான். எழுபது தாண்டியவர், மாமி தவறி நாலு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். அனோரதா ரோட்டுக் காளி கோவிலில் பார்த்தால் என் பையன் நெற்றியில் அவரே விபூதி பூசிவிடுவார். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. கெட்டவராக இருந்தால் எப்போதோ சண்டை போட்டு முடித்திருப்பேன், இப்படிப்பட்டவரோடு போடுவதுதான் கஷ்டம்.

அவர் செய்வது இதுதான். கரண்ட் இல்லாதபோதே மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார். நடு ராத்திரியில் எப்போது வந்தாலும் தானாக ஓடித் தொட்டி நிறையட்டும் என்று. நிறையும், நிறைந்த பிறகும் ஓடும். மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், தூக்கமோ கும்பகர்ணத் தூக்கம். வழிகிற தண்ணீர் பாத்ரூம் சாக்கடைத் துளையில் போக வேண்டியது, அதில் பாக்குச் சக்கையும் துணி நூலும் அடைத்திருக்கும், எனவே வாசற்படி தாண்டி அவருடைய சமையலறைக்கு வந்து, டைல்ஸ் இடுக்கில் இறங்கி, எங்கள் வீட்டில் விழும்.

முதல் வருஷம் நாங்கள் செய்த முட்டாள்தனத்தை மறைக்காமல் சொல்கிறேன். சீலிங்கில் தேநீர்க் கறை போல ஒரு வட்டம் வந்தது, அதன் மேல் பெயின்ட் அடித்தோம். ஈரம் காயாமல் அடித்த பெயின்ட் இரண்டே வாரத்தில் அப்பளம் மாதிரிக் கொப்பளித்து உரிந்தது. சரி, கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் பலகை வாங்கிக் கீழே இன்னொரு சீலிங் அடித்தார். அதைப் போல ஒரு தப்பு கிடையாது. சொட்டுகிற தண்ணீர் கீழே விழாமல் பலகைக்கு மேலே தேங்கியது, எங்களுக்கும் நின்றுவிட்டது என்று நிம்மதி. ஒரு நாள் காலையில் பார்த்தால் பலகை நிறைமாதக்காரி வயிறு போலத் தொங்குகிறது. தொடலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே மொத்தமும் அடுப்பு மேலே இறங்கியது. அன்றைக்கு வெந்துகொண்டிருந்த சாம்பாரைப் பற்றி எழுத மனசு வரவில்லை. ஊருக்குத் திஞ்ஞான், அந்தத் தண்ணீர்த் திருவிழா, ஏப்ரலில் நாலு நாள், எங்கள் அடுப்படிக்கு வருஷம் பூராவும்.

ஏன் மேலே போய்க் கேட்கவில்லை என்பீர்கள். பர்மாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், ஆநாடெ. கூச்சம், தாட்சண்யம், மற்றவருக்குத் தொந்தரவாகிவிடுமோ என்ற தயக்கம், மூன்றையும் சேர்த்து அரைத்தால் வருகிற சொல் அது. தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் எனக்குத் தெரியவில்லை, வீட்டில் தமிழ் பேசும்போதும் நாங்கள் "எனக்கு ஆநாவா இருக்கு" என்றுதான் சொல்கிறோம். போதாததற்கு அம்மா. "நம்மாளு, வயசானவரு, ஒத்தையில கெடக்குறாரு, சட்டி வச்சுப் பிடிச்சாப் போவுது." இரண்டு சட்டி, ஒரு குண்டான், பழைய பெயின்ட் டப்பா ஒன்று. ஒவ்வொன்றிலும் சொட்டுகிற சத்தம் வேறுவேறு, கண்ணை மூடிக்கொண்டே எது நிறையப்போகிறது என்று சொல்வேன்.

கடைசியில் போய்ச் சொன்னேன்தான். சிரித்த முகத்தோடு, கையில் ஒரு தட்டு வடையோடு. "மழைத் தண்ணியா இருக்கும்மா, இந்தக் கட்டடமே ஓட்டை" என்றார். மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை இங்கே பெய்கிற பெய்யலில் அதை மறுத்துப் பேச முடியாது. நானும் வடையை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

அப்புறம்தான் ஒரு புத்தி வந்தது. சமையலறையில் தொங்கும் நாள்காட்டியில், தண்ணீர் சொட்டும்போதெல்லாம் நேரத்தைக் குறித்தேன், கரண்ட் வந்த நேரத்தையும் பக்கத்தில் குறித்தேன். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும். அந்த இரண்டு மாதத்தில் யாங்கோனில் மழை என்பதே கிடையாது, ஆனால் எங்கள் வீட்டில் பதினேழு தடவை பெய்திருந்தது, பதினேழும் கரண்ட் வந்து முக்கால் மணி நேரத்துக்குள். அதை எடுத்துக்கொண்டு மேலே போனேன். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு தேதியாகப் படித்தார். படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கே, கணக்குல கெட்டிக்காரி உங்கப்பா மாதிரி" என்றார். அன்றைக்குச் சுவிட்சை அணைத்தார். மறு வாரம் பழையபடி.

இதற்கு நடுவில் வெற்றிலை வேறு. வாயில் குன்யா, அதாவது மடித்த வெற்றிலைச் சுருள், இல்லாமல் மாமாவை நான் பார்த்ததில்லை. பின் ஜன்னல் வழியாகச் சந்துக்குத் துப்புவார். இந்தப் பின் சந்துகள் வெள்ளைக்காரன் காலத்தில் மலவண்டி போக விட்ட இடம், இன்றைக்கும் பல சந்துகளில் எல்லார் வீட்டுக் குப்பையும் அங்கேதான் விழுகிறது. சிலதை இப்போது சுத்தம் செய்து சுவரில் படம் வரைந்திருக்கிறார்கள், எங்கள் சந்துக்கு அந்தக் கொடுப்பினை வரவில்லை. சந்துக்குத் துப்பினால் சந்தில் விழ வேண்டுமில்லையா, எங்கள் சன்ஷேடில் விழும், சுவரில் கோடாக இறங்கும். ஒரு நாள் பையனின் பள்ளிச் சட்டை மேல். பச்சை லுங்கிக்கு மேலே போடுகிற வெள்ளைச் சட்டை, நீலம் போட்டு அலசி அப்போதுதான் காயப்போட்டது. தோள்பட்டையில் ஒரு பெரிய சிவப்பு, அதிலிருந்து பாக்கெட் வரை ஐந்தாறு பொட்டு. எலுமிச்சை, சோடா, வெயில் எல்லாம் வைத்துப் பார்த்தேன், சிவப்புப் போய்ப் பழுப்பு நின்றது. சுவருக்கும் அதே கதைதான், அந்தக் கறை மேல் தண்ணீர் கலந்த பெயின்டை நேராக அடித்தால் எத்தனை கோட் அடித்தாலும் ஊறி மேலே வரும், முதலில் எண்ணெய் பிரைமர் ஒரு கோட் அடித்து அதை அமுக்க வேண்டும். காசு கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம்.

அதிகாரத்தில் யாரிடமாவது போனீர்களா என்றால், பத்து வீட்டுக்கு ஒருவர் என்று இருக்கும் தலைவரிடம் வாய்மொழியாகச் சொன்னோம். "ரெண்டு பேரும் ஒரே கோவிலுக்குப் போறவங்கதானே, பேசித் தீர்த்துக்கங்க" என்று பர்மியத்தில் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 2016இல் காண்டோமினியம் சட்டம் என்று ஒன்று வந்தது, அதில் குடியிருப்போர் குழு, பராமரிப்புப் பணம் எல்லாம் உண்டு, ஆனால் அது பெரிய மனையில் பதிவு செய்து கட்டுகிற கட்டடங்களுக்கு. நிலக்காரரும் கான்ட்ராக்டரும் பங்கு பிரித்துக் கட்டி, ஒப்பந்தப் பேப்பரில் கைமாறிக் கைமாறி வந்த எங்களைப் போன்ற கட்டடத்தில் மொட்டை மாடி யாருடையது, இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் தளம் யாருடையது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்தான்.

2025 மார்ச் 28 மத்தியானம் பூகம்பம். மண்டலையும் சகாய்ங்கும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், யாங்கோனில் எங்களுக்கு மின்விசிறி ஆடியதோடு சரி. ஆனால் அதற்குப் பிறகு ஊரில் எல்லாரும் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள், நானும் பார்த்தேன். 1930இல் பெகு பூகம்பத்தில் இங்கே ரங்கூனிலும் ஆள் செத்த கதையை என் பாட்டி அவர் அம்மா சொன்னதாகச் சொல்வார், அது வேறு ஞாபகம் வந்து தொலைத்தது. கறை இருந்த இடத்தில் துடைப்பக் கட்டையால் மெல்லத் தட்டினேன், பொத்தென்று கையகலச் சிமென்ட் பெயர்ந்து விழுந்தது, உள்ளே கம்பி. விரல் கனம் இருக்க வேண்டிய கம்பி, துரு இதழ் இதழாக விரிந்து இரண்டு பங்கு தடித்திருந்தது, நகத்தால் சுரண்டினால் பிஸ்கட் போல் உதிர்ந்தது. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் சுற்றியிருக்கிற கான்கிரீட்டைப் பிளக்கும், பிளந்த வழியில் இன்னும் தண்ணீர் இறங்கும். இதற்குமேல் இது பெயின்ட் விவகாரம் இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அட, ஆமா" என்றார். ஒரு வாரம் ஒழுங்காக இருந்தார்.

உண்மையில் என்னைச் சத்தம் போட வைத்தது கம்பி இல்லை, பேப்பர்.

2008 மே மாதம் நர்கிஸ் புயலில் எங்கள் முன் ஜன்னல் உடைந்து ஹால் முழுக்க மழை. அன்றிலிருந்து அம்மா வீட்டுப் பேப்பர்களை எல்லாம் பின்பக்கம், சமையலறைப் பரணில், அப்பாவின் தோல் பைக்குள் வைத்திருக்கிறார். பிளாஸ்டிக்கில் சுற்றியிருந்தாலும் ஜூலையில் ஒரு ராத்திரி சொட்டு இடம் மாறி நேராகப் பை மேலே விழுந்திருக்கிறது. காலையில் அரிசி டப்பா எடுக்கப் போனவள் பையைத் தொட்டேன், ஊறிப்போய் இருந்தது. உள்ளே வீட்டில் யார் யார் என்று அரசாங்கத்தில் பதிந்த குடும்பப் பட்டியல், எங்களுடைய அடையாள அட்டைகள், வீட்டு ஒப்பந்தம், அப்புறம் தாத்தாவின் எஃப்.ஆர்.சி. 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு நம் ஊர்க்காரர்களெல்லாம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினபோது ஏறாமல் நின்றவர் தாத்தா, நின்றதற்கு அவர் பெற்றது அந்த வெளிநாட்டவர் பதிவுப் புத்தகம். பக்கம் பக்கமாக ரப்பர் முத்திரை. 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அப்பாவும் நாங்களும் அட்டை வாங்க எத்தனை மேசைக்கு அலைந்தோம், ஒவ்வொரு மேசையிலும் இந்தப் பேப்பர்களைத்தான் காட்டினோம். பையனுக்குப் பதினெட்டில் அட்டை மாற்றும்போதும் இதைத்தான் கேட்பார்கள். குடும்பப் பட்டியலில் பாட்டியின் பெயர் இருந்த வரி நீல மையாகக் கரைந்து அடுத்த வரியில் இறங்கியிருந்தது.

எப்படி மாடி ஏறினேன் என்று தெரியாது. கதவைத் தட்டினதும் தெரியாது. "மாமா, உங்க தண்ணி எங்க பேப்பர்ல எறங்கிருச்சு, எங்க தாத்தா பேப்பர்ல!" என்று கத்தினது மட்டும் நினைவிருக்கிறது, கீழே மூன்று மாடிக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். மாமா பதில் பேசவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னாலேயே இறங்கி வந்தார்.

நனைந்த பேப்பரை என்ன செய்யக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார், துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதினவர். ஒட்டியிருப்பதைப் பிரிக்காதே, வெயிலில் போடாதே, இஸ்திரிப் பெட்டி பக்கமே போகாதே. மேலேயும் கீழேயும் டிஷ்யூ பேப்பர் வைத்து லேசாக ஒற்று, பேப்பர் ஈரமானதும் மாற்று, மின்விசிறிக் காற்று தூரத்திலிருந்து பட்டால் போதும். கரண்ட் வேறு இல்லை. மாமா ஒரு பனை விசிறியை எடுத்து உட்கார்ந்து சாயங்காலம் வரை வீசினார். அம்மா டீ கொடுத்தார், நான் கொடுக்கவில்லை. எஃப்.ஆர்.சி.யைக் கண்ணாடிக்கு வெகு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எங்கப்பாருது கறையான் தின்னுடுச்சு, அதுக்கப்புறம் பத்து வருஷம் நான் நானுன்னு நிரூபிக்க முடியல" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவும் இல்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். மாமி படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில் மூன்று நாள் தொடர்ந்து, கரண்ட் வருகிறபோது இவர் தூங்கிவிட, விழிக்கிறபோது கரண்ட் போய்விட, துடைத்துவிடக்கூடத் தண்ணீர் இல்லை. கீழ்வீட்டில் கேட்க ஆநாவாக இருந்ததாம். கீழ்வீடு என்றால் நாங்கள்தான். மேலே அவரும் கீழே நானும் ஒரே வியாதியில் இருந்திருக்கிறோம்.

மறுநாளே ஆள் வரவழைத்தோம். கடைக்காரர் முதலில் பால் வால்வு, அதாவது மிதக்கிற பந்து ஏறிக் குழாயை அடைக்கிற வால்வு, கொடுத்தார், அது வேண்டாம் என்றான் எலக்ட்ரீஷியன் பையன். வால்வு தண்ணீரை மட்டும்தான் அடைக்கும், மோட்டார் அடைபட்ட குழாயோடு மல்லுக்கட்டிச் சூடேறிக் கருகிவிடும். வேண்டியது ஃப்ளோட் சுவிட்ச். ஒயர் நுனியில் ஒரு பிளாஸ்டிக் மிதவை, உள்ளே ஒரு குண்டு. தண்ணீர் ஏறினால் மிதவை கவிழும், குண்டு உருண்டு சுவிட்சைத் தட்டும், மோட்டார் நிற்கும். கூடவே தொட்டி விளிம்பில் ஒரு வழிகுழாய் போட்டு நேராகச் சாக்கடைத் துளைக்கு இறக்கினோம், துளையையும் கம்பி விட்டுத் தோண்டினோம், வந்ததை விவரிக்க மாட்டேன். காசு நான் கொடுத்தேன். அம்மாவுக்குக் கோபம், "தப்பு அவரு பண்ணுவாரு, காசு நாம குடுப்பமா?" முதல் தடவையாக அம்மா என் கட்சிக்கு வந்தது அப்போதுதான். ஆனால் நான் இரண்டு வருஷத்தில் பெயின்டுக்கும் பலகைக்கும் கொட்டியதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. முதல் மாதமே வாங்கி மாட்டியிருக்கலாம் என்பதுதான் இப்போதும் உறுத்துகிறது.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் சொட்டியது. ஓடிப் போய்ப் பார்த்தால், மிதவையைத் தொட்டிக்கு வெளியே எடுத்து விளிம்பில் தொங்கவிட்டிருக்கிறார். தொங்கினால் தொட்டி காலி என்று அர்த்தம், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். "நாலு விரக்கடை குறையவே நின்னுடுதும்மா, அவ்வளவு தண்ணி நஷ்டம்தானே." இந்தத் தடவை நான் கத்தவும் இல்லை, ஆநாவும் படவில்லை. ஒயரைச் சுருக்கிக் கட்டி, இரண்டு விரல் குறையும்போது நிற்கிற மாதிரி வைத்து, "இதுக்கு மேல கை வச்சா உங்க சுவிட்சு என் வீட்டுல இருக்கும் மாமா" என்றேன். வீட்டுச் சாவி ஒன்றும் வாங்கிக்கொண்டேன்.

சீலிங்கை ஒரு மாதம் காயவிட்டு, இளகினதையெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்துத் துரு தடுக்கும் பெயின்ட் பூசி, அதன் பிறகுதான் சிமென்ட் வைத்தோம். அதற்குப் பாதிப் பணம் மாமா கொடுத்தார், கவரில் போட்டு, வெற்றிலை பாக்கோடு. குடும்பப் பட்டியல் காய்ந்துவிட்டது. பாட்டியின் பெயர் படிக்கிற மாதிரி இல்லை, அதற்குப் புது நகல் எழுதி வாங்குகிற அலைச்சல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நேற்று ராத்திரி ஒன்று பத்துக்குக் கரண்ட் வந்தது. யாரோ "மீ லாபீ!" என்றார்கள், மோட்டார் கிளம்பியது. படுத்தபடியே எண்ணிக்கொண்டிருந்தேன், பதினெட்டாவது நிமிஷம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மேலே தரையில் கைத்தடியால் இரண்டு தட்டு. நின்றுவிட்டது, தூங்கு என்று எனக்குச் சொல்கிறாராம். நடு ராத்திரியில் இது தேவையா என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

காலையில் பின் ஜன்னலைத் திறந்தால் சன்ஷேடில் புதிதாக ஒரு சிவப்புக் கோடு. பையனின் சட்டையை ஹாலிலேயே காயப்போட்டேன்.